கங்கு நுழையும் வழி: காட்டுத்தீப் பகுதியில் பழைய மரவீட்டுக்கு எந்தச் செலவு முதலில்?

2018 நவம்பர் 8 அன்று காலையில் வட கலிஃபோர்னியாவின் பியூட் மாவட்டத்தில் மூண்ட கேம்ப் தீ, பாரடைஸ் என்னும் மலையூரின் பெரும்பகுதியை அந்த ஒரே நாளில் அழித்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. பின்னர் வெளியான வான்படங்களில் வீடுகள் இருந்த இடங்களெல்லாம் சாம்பல் சதுரங்களாகக் கிடந்தன. அவற்றின் நடுவே பைன் மரங்கள் பல பச்சை மாறாமல் நின்றன. காட்டின் சுவாலை சுவர்போல எழுந்து வந்து வீடுகளை விழுங்கியிருந்தால் முதலில் போயிருக்க வேண்டியவை அந்த மரங்கள்தான்.

நடந்தது வேறு. தீயின் முகப்பு ஊரை எட்டுவதற்கு முன்பே காற்றில் பறந்து வந்த கங்குகள் கூரை இடுக்கிலும், இறவாரத்துக் காற்றுத் துளையிலும், வாசலோரச் சருகிலும் விழுந்து வீடுகளைப் பற்றவைத்தன. பற்றிய வீடு பக்கத்து வீட்டைப் பற்றவைத்தது. வீட்டைத் தீயிலிருந்து காப்பதற்குப் பணம் ஒதுக்குகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஏனென்றால், இதை ஏற்றுக்கொண்டதுமே செலவின் வரிசை நாம் இயல்பாக நினைப்பதற்கு நேர்மாறாகிவிடுகிறது. பெரிய சுவரும் விலை உயர்ந்த கட்டுமானப் பொருளும் பின்னால் போகின்றன. விரல் நுழையும் அளவுள்ள துளைகளும் கைப்பிடிச் சருகும் முன்னால் வருகின்றன.

இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. சியரா நெவாடா மலையடிவாரத்தில் 1970-களில் கட்டப்பட்ட மரவீடு ஒன்று. மரப்பலகை போர்த்திய வெளிச்சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்த காற்றுத் துளைகள், பின்பக்கம் மரப்பலகைத் தளம், வீட்டுச் சுவரோடு வந்து முட்டும் மரவேலி. அப்பகுதியில் இத்தகைய வீடுகள் ஏராளம். இதன் உரிமையாளர் முன் ஐந்து வழிகள் உள்ளன: சுற்றியுள்ள செடிகொடிகளை மட்டும் அகற்றுவது, கூரை, காற்றுத் துளை போன்ற திறப்புகளைச் சீர்செய்வது, சுவர், ஜன்னல் உட்பட வெளிப்புறம் முழுவதையும் மாற்றுவது, இடித்துவிட்டுத் தீப்பற்றாப் பொருளில் புதிதாகக் கட்டுவது, வீட்டை அப்படியே விட்டுத் தண்ணீர்த் தெளிப்பான்களையும் தீத்தடுப்புக் களிம்பையும் நம்புவது. மான்டானாவின் போஸ்மன் நகரிலுள்ள ஹெட்வாட்டர்ஸ் எகனாமிக்ஸ் ஆய்வு நிறுவனம் பழைய வீடுகளைச் சீரமைக்கும் செலவைக் கணக்கிட்டது. மிகுந்த பலன் தரும் வேலைகள் பலவற்றை 2,000 முதல் 15,000 டாலருக்குள் முடித்துவிடலாம் என்றும், எல்லாவற்றையும் உயர்ந்த தரத்தில் மாற்றினால் 1,00,000 டாலரையும் தாண்டும் என்றும் அது கண்டது. இவ்விரு தொகைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

வீடு பற்றுவது மூன்று விதங்களில்: சுவாலை நேரே தொடுவது, தொடாமலே வெக்கை தாக்குவது, கங்கு விழுவது. அமெரிக்க வனத்துறையின் மிசூலா தீ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜேக் கோஹன், 1990-களின் இறுதியில் கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதிகளில் நடந்த சோதனைகளில் உண்மையான காட்டுத் துண்டுகளுக்குத் தீ வைத்து, வெவ்வேறு தொலைவில் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார். மரங்களின் உச்சிவரை எழுந்த தீக்கு 10 மீட்டர் தொலைவில் நின்ற சுவர்கள் சில பற்றின. 20 மீட்டரிலும் அதற்கு அப்பாலும் நின்றவை பற்றவில்லை. காட்டுச் சுவாலை ஓரிடத்தில் உச்சத்தில் நிற்பது ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் என்பது இதற்கு ஒரு காரணம். ஆக, வெக்கைக்கு எல்லை உண்டு. அந்த எல்லையும் பலர் அஞ்சுவதைவிடச் சிறியது. கங்குக்கு அப்படி எல்லை கிடையாது. பலத்த காற்றில் அது ஒரு மைலுக்கு மேலும் பறந்து, கோடிக்கணக்கில் விழுந்து, ஒன்றாவது உலர்ந்த மூலையைக் கண்டுபிடிக்கிறது.

செடிகொடிகளை அகற்றுவது மட்டும்

முதல் வழி மலிவானது. கலிஃபோர்னியாவின் காட்டோரப் பகுதிகளில் சட்டப்படி கட்டாயமானதும்கூட. வீட்டைச் சுற்றி 100 அடிவரை புதர்களைக் குறைத்து, மரக்கிளைகளை இடைவெளிவிட்டு, காய்ந்த புல்லை அறுத்துவைக்க வேண்டும் என்கிறது அந்த விதி. உரிமையாளரே வார இறுதிகளில் செய்துகொள்ளலாம். இதன் பலன் உண்மையானது: சுவாலை வீட்டைத் தொடுவதையும் வெக்கை தாக்குவதையும் இது பெருமளவு தடுத்துவிடுகிறது.

ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம் என்ற எண்ணம் தவறானது. 100 அடியைத் தாண்டிவரும் கங்குக்கு அந்த 100 அடி ஒரு பொருட்டே அல்ல. இன்னொரு கோளாறும் உண்டு: பலர் தொலைவிலுள்ள 70 அடியில் வியர்வை சிந்தி உழைத்துவிட்டு, சுவரை ஒட்டிய 5 அடியைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஜன்னலுக்குக் கீழ் ஜூனிப்பர் புதர் இருக்கிறது, அழகுக்காகப் பரப்பிய மரப்பட்டை மூடாக்கு இருக்கிறது, அடுக்கிவைத்த விறகு இருக்கிறது, வாசலில் தேங்காய்நார் மிதியடியும் இருக்கிறது. சுவரில் மோதி விழும் கங்குகள் குவியும் இடமும் அதுவே. கலிஃபோர்னிய சட்டமன்றம் 2020-இல் இந்த முதல் 5 அடியைத் தனி வளையமாகப் பிரித்து, எரியக்கூடிய எதுவும் அங்கே இருக்கலாகாது என்ற திசையில் சட்டம் இயற்றியது. விரிவான விதிகளை எழுதும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. நகரத்தில் நிழல் தரும் செடியை ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டு மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் கோபம் புரிந்துகொள்ளத்தக்கதே. இருந்தாலும், செடிகளுக்காக ஒதுக்கும் உழைப்பில் பாதியையாவது இந்த 5 அடியில் போட வேண்டும் என்பதே என் கணிப்பு. செடிகளை எடுத்துவிட்டுக் கூழாங்கல் பரப்புவதற்கு ஆகும் செலவு, தொலைவிலுள்ள மரங்களை ஆள்வைத்து வெட்டும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு.

மரவேலியும் இந்தக் கணக்கில் சேரும். வேலியின் கோடியில் பற்றிய தீ, வெடித்திரி வழியே செல்வதுபோலப் பலகை பலகையாக ஊர்ந்து வீட்டுச் சுவருக்கு வந்துவிடும். வேலி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. சுவரோடு சேரும் கடைசி 5 அடியை மட்டும் இரும்புக் கதவாகவோ கம்பி வேலியாகவோ மாற்றினால் போதும்.

திறப்புகளை அடைப்பது

இரண்டாவது வழியே என் பார்வையில் இத்தகைய வீட்டுக்கு முதன்மையானது; ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கூரையில் தொடங்கலாம். வீட்டின் பரப்பிலேயே கங்கு நேரடியாக விழும் பெரும்பகுதி அதுதான். கலிஃபோர்னியாவில் ஒரு காலத்தில் தேவதாரு வகை மரத்தைப் பிளந்து செய்த மரச்சீவல் ஓடுகள் விரும்பப்பட்டன. 1991 அக்டோபர் 20 அன்று ஓக்லண்ட் மலைச்சரிவில் 25 உயிர்களையும் ஏறத்தாழ 3,000 வீடுகளையும் கொண்டுபோன தீயில், பற்றிய மரச்சீவல்களே அடுத்த கங்குகளாகப் பறந்தன. மரச்சீவல் கூரை இன்னும் இருக்கிற வீட்டுக்கு வேறு எந்த ஒப்பீடும் தேவையில்லை. முதல் பணம் கூரைக்கே போக வேண்டும். மாற்றாக மூன்று கூரைகள் கிடைக்கின்றன. கண்ணாடி இழை கலந்த தார் ஓடு விலையில் மலிவானது. தீத்தடுப்பில் மிக உயர்ந்த ஏ வகுப்புச் சான்றையும் பெரும்பாலும் பெற்றிருக்கும். உலோகத் தகடு நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அது வெப்பத்தை எளிதில் உள்ளே கடத்துவதால், சில வகைகள் அடியில் தகுந்த தடுப்பு விரிப்பு இருந்தால்தான் அதே வகுப்பைப் பெறும். சுட்ட மண் ஓடோ சிமெண்ட் ஓடோ எரியாது. எடை அதிகம் என்பதால் பழைய மரச்சட்டம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். வளைந்த ஓடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு: கூரை விளிம்பில் ஒவ்வொரு ஓட்டின் கீழும் அரைவட்டத் திறப்பு இருக்கும். நம் ஊர் ஓட்டு வீடுகளில் குருவி கூடுகட்டும் அதே இடம்தான். அங்கும் பறவைகள் வைக்கோலும் சிறகும் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதில் ஒரு கங்கு விழுந்தால் எரியாத ஓட்டுக்கு அடியில் எரியும் மரச்சட்டம் பற்றிக்கொள்கிறது. அத்திறப்புகளைச் சாந்தாலோ உலோக மூடியாலோ அடைத்தால்தான் ஓட்டின் சிறப்பு பயன்படும். வீட்டின் கூரை ஏற்கெனவே தார் ஓடாக இருந்து நல்ல நிலையிலும் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு உலோகத் தகடு போடுவதில் தீயின் கணக்கில் பெரிய ஆதாயம் இல்லை. அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல இடங்கள் இருக்கின்றன.

அத்தகைய இடங்களில் ஒன்று, கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் பீலி. பைன் ஊசிகள் நிரம்பிய பீலி, கூரையின் மரவிளிம்பை ஒட்டிவைத்த அடுப்புக்குச் சமம். பிளாஸ்டிக் பீலி தீயில் உருகிக் கீழே விழும். உலோகப் பீலி விழாமல் நின்று, உள்ளிருக்கும் சருகு எரிந்து முடியும்வரை விளிம்பைச் சுடும். எது மேல் என்று வாதிடுவதைவிட, உலோகப் பீலியில் உலோக மூடி போட்டு, கூரைப்பலகையின் ஓரத்தை உலோகப் பட்டையால் மறைத்து, கோடைக்கு முன் ஏணி போட்டுத் துடைப்பதே வழி. மூடி போட்டால் துடைக்க வேண்டியதில்லை என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். மூடியின் மேலும் ஊசிகள் சேரும்.

அடுத்தது காற்றுத் துளைகள். மரவீட்டின் பரணிலும் தரைக்கு அடியிலுள்ள இடைவெளியிலும் ஈரம் தங்காமலிருக்க இறவாரத்திலும் முக்கோணச் சுவரிலும் அடிச்சுவரிலும் துளைகள் விட்டிருப்பார்கள். எலியும் பறவையும் நுழையாமலிருக்க அடித்த கால் அங்குல வலை கங்கைத் தடுப்பதில்லை. காற்று அழுத்தத்தில் கங்கு அந்த வலையில் மோதி, உடைந்து, சிறிதாகி உள்ளே நுழைந்துவிடும். பரணில் பழைய துணியும் அட்டைப்பெட்டியும் இருக்கும். வெளியே சுவரில் ஒரு கரியும் படாத வீடு உள்ளிருந்து எரிந்து விழுவது இப்படித்தான்.

துளையை முழுவதும் அடைத்துவிடலாமே என்று தோன்றும். அடைத்தால் சில ஆண்டுகளில் பரண் மரம் ஈரத்தில் உளுத்துவிடும். தீ வராமல் போனாலும் வீடு கெடும். ஆகவே ஒப்பிட வேண்டியவை மூன்று. முதலாவது, அரைக்கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலையை மாற்றியடிப்பது. கலிஃபோர்னியக் கட்டட விதிகளின் அளவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், ஆஸ்திரேலியாவில் 2 மில்லிமீட்டர். செலவு மிகக் குறைவு; கங்கின் பெரும்பங்கு தடுக்கப்படும், பொடிக்கங்கு நுழையக்கூடும், தூசியும் பெயின்டும் கண்களை அடைக்கும். இரண்டாவது, கங்கையும் சுவாலையையும் தாங்குமா என்று சோதித்துச் சான்றளிக்கப்பட்ட துளைமூடிகள். இவற்றுள் சில, காற்றை வளைந்து நெளிந்து செல்லவைத்துக் கங்கை வழியிலேயே வீழ்த்துகின்றன; சில, சூடு பட்டால் பொங்கித் துளையை மூடிக்கொள்ளும் பூச்சைக் கொண்டவை. மூன்றாவது, துளையே இல்லாத பரண். வெப்பக் காப்பை உட்கூரைமேல் விரிக்காமல் கூரைச் சாய்வோடு ஒட்டிப் பரணையும் வீட்டின் உட்பகுதியாக்கிவிடுவது. புதிய வீட்டுக்கு இதுவே மிகச் சிறந்தது. பழைய வீட்டில் ஈரக் கணக்கை அறிந்த தொழிலாளர் இல்லாமல் இதைச் செய்யத் துணியக் கூடாது. நம் எடுத்துக்காட்டு வீட்டுக்குச் சான்று பெற்ற மூடிகளையே நான் தேர்ந்தெடுப்பேன். கையில் பணம் இல்லையென்றால் இந்தக் கோடையிலேயே வலையை மாற்றிவிட்டு மூடிகளைப் பிறகு வாங்கலாம். கண் பெரிதான பழைய வலையோடு இன்னொரு கோடையைக் கடப்பதற்கு மட்டும் நியாயம் இல்லை.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் வணிக, இல்லப் பாதுகாப்பு ஆய்வுக்கழகம் தென் கரோலினாவின் ரிச்பர்க்கில், முழு வீட்டையே காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி அதன்மேல் கங்கு மழை பொழியவைக்கும் சோதனைக்கூடத்தை நடத்துகிறது. அது 2022-இல் கலிஃபோர்னிய வீடுகளுக்காகத் தொடங்கிய சான்றிதழின் அடிப்படை நிலையில் கேட்கப்படுபவை ஏறத்தாழ மேலே சொன்னவையே: ஏ வகுப்புக் கூரை, கங்கு புகாத துளை, எரிபொருள் இல்லாத 5 அடி, தரையை ஒட்டிய சுவரின் அடிப்பகுதியில் 6 அங்குலத்துக்கு எரியாத பொருள். சுவர் முழுவதையும் மாற்றுவதும் ஜன்னல்களை மாற்றுவதும் அதன் மேல்நிலையில்தான் வருகின்றன. ஆயிரக்கணக்கான சேதங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் எந்த வரிசையில் வைக்கிறார்கள் என்பதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

சுவரும் ஜன்னலும்

மூன்றாவது வழியின் பெருஞ்செலவு இவ்விரண்டில்தான். ஜன்னலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வெக்கை பட்ட கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரியும்; சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும்; இந்த வேறுபாட்டிலேயே சாதாரணக் கண்ணாடி விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். அந்த ஓட்டை வழியே நுழையும் கங்குக்குத் திரைச்சீலையும் சோபாவும் காத்திருக்கின்றன. இரட்டைக் கண்ணாடியில் குறைந்தது ஒன்றாவது டஃபன்டு கண்ணாடியாக, அதாவது சூடேற்றி வலுவூட்டியதாக, இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவின் காட்டுத்தீக் கட்டட விதி (2025 வரை அத்தியாயம் 7ஏ என்ற பெயரில் இருந்தது) கேட்பது இதனால்தான். இத்தகைய கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு உறுதியானது. எல்லா ஜன்னல்களையும் மாற்றப் பணம் இல்லாதவர், பக்கத்து வீட்டையோ புதரையோ நோக்கியிருக்கும் பெரிய ஜன்னல்களை மட்டும் முதலில் மாற்றலாம்; சிறிய ஜன்னல் பெரியதைவிட அதிக நேரம் தாங்கும்.

சுவரில் மரப்பலகையை எடுத்துவிட்டு நார்ச்சிமெண்ட் பலகை போர்த்தலாம், அல்லது கம்பிவலையின் மேல் மூன்று அடுக்குச் சிமெண்ட் பூச்சு பூசலாம். இரண்டுமே எரியாதவை. பலகையில் இணைப்புகள் உண்டு, அந்த இடுக்குகள் வழியே நெடுநேர வெக்கை உள்ளே போகும். கனமான பூச்சில் இணைப்புகள் குறைவு, நிலநடுக்கத்தில் விரிசல் விடும். வினைல் போர்வையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பற்றுவதற்கு முன்பே உருகி வழிந்து பின்னாலுள்ள மரத்தைத் திறந்துவிடுகிறது.

இந்தச் செலவு எவ்வளவு பலன் தருகிறது? பாரடைஸ் தீக்குப் பிறகு ஆய்வாளர்கள் வீடுகளின் வயதை வைத்துக் கணக்கெடுத்தார்கள். 1997-க்கு முன் கட்டியவற்றில் பிழைத்தவை நூற்றுக்கு 12-க்கும் குறைவு. 1997-இலும் அதற்குப் பின்னரும் கட்டியவற்றில் 38-ஐ ஒட்டியது. அத்தியாயம் 7ஏ 2008-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குப் பின் கட்டிய வீடுகள், அதற்கு முந்தைய பத்தாண்டில் கட்டியவற்றைவிடச் சற்றே அதிகமாகத்தான் பிழைத்தன. கடுமையான விதிக்குக் கிடைத்த பலன் இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். அதே ஆய்வு அதற்கான விடையையும் வைத்திருந்தது: ஒரு வீடு பிழைக்குமா என்பதை வலுவாகக் காட்டியவை, எரிந்த அடுத்த கட்டடம் எவ்வளவு அருகில் இருந்தது, சுற்றிலும் எத்தனை கட்டடங்கள் எரிந்தன என்பவை. காட்டுச் சுவாலை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. பக்கத்து வீடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் எரிகிறது. விதிப்படி கட்டிய சுவரும் அந்த நெடிய வெக்கையில் தோற்றுப்போகலாம்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது

தமிழ் வாசகர் இந்த இடத்துக்கு வருமுன்பே பொறுமை இழந்திருக்கக்கூடும்: செங்கல்லில் கட்டினால் என்ன? ஒவ்வொரு காட்டுத்தீச் செய்திக்கும் கீழே நம்மவர் கேட்கும் கேள்வி இது. முதல் விடை நிலநடுக்கம். 1933 மார்ச்சில் லாங் பீச்சில் நேர்ந்த நிலநடுக்கத்தில் கம்பி கட்டாத செங்கல் கட்டடங்கள் சரிந்து விழுந்ததற்குப் பின், அவ்வகைக் கட்டுமானத்தை அந்த மாநிலம் கைவிட்டது. கம்பி கட்டிய கான்கிரீட்டிலோ காங்கிரீட் கல்லிலோ கட்டலாம். அதற்குக் கூலியும் அடித்தளமும் மரவீட்டைவிட மிகக் கூடுதல், அங்குள்ள தொழிலாளரின் கைப்பழக்கமும் மரத்தில்தான். இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. தீக்குப் பின்னான படங்களில் செங்கல் புகைபோக்கி மட்டும் தனியே நிற்பதைப் பார்த்துச் செங்கல் வீடு பிழைத்திருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. கான்கிரீட் வீட்டிலும் ஜன்னல் உடைந்து கங்கு நுழைந்தால் மெத்தையும் மரச்சாமானும் எரியும்; எரிந்து முடிந்த வெறும் கான்கிரீட் கூடு நிற்கலாம், அதில் குடியிருக்க முடியாது. சுவரை எரியாததாக்கி ஜன்னலையும் துளையையும் விட்டுவைப்பது, திருடனுக்கு அஞ்சி மதிலை உயர்த்திவிட்டுப் புறக்கடைக் கதவைத் திறந்துபோட்டதற்கு ஒப்பானது.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதி எரிந்தபோது இருபுறமும் சாம்பலாகியிருக்க, நடுவில் முழுதாக நின்ற ஒரு புது வீட்டின் படம் உலகைச் சுற்றிவந்தது. அது கான்கிரீட் கோட்டை அல்ல, மரச்சட்ட வீடுதான். உலோகக் கூரை, பரண் துளைகள் இல்லாத எளிய வடிவம், உறுதியான கண்ணாடி, செடிகள் குறைந்த முற்றம், காம்பவுண்டுச் சுவர் ஆகியவை அதற்கு உதவியதாக வடிவமைத்தவர் விளக்கினார். நல்லூழும் இருந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனாவில் பிழைத்த சிவப்புக் கூரை வீடும் அப்படியே: நூறாண்டு பழைய மரவீடு, சற்று முன்புதான் கனத்த உலோகக் கூரையும் சுற்றிலும் கற்பரப்பும் பெற்றிருந்தது. பிழைத்த ஒன்றிரண்டு வீடுகளை வைத்துக்கொண்டு விதி எழுத முடியாது என்பதும் உண்மை. அதே அம்சங்கள் இருந்தும் எரிந்த வீடுகள் படத்தில் வருவதில்லை. ஆயினும் பொருளைவிட வடிவமும் இடுக்கின்மையும் பெரிது என்பதற்கு அவை பொருத்தமான சாட்சிகள்.

வீடு ஏற்கெனவே எரிந்துபோனவருக்குக் கணக்கு முற்றிலும் வேறு. எப்படியும் புதிதாகக் கட்டப்போகிறார். கலிஃபோர்னிய விதிப்படி கட்டும் வீட்டை அதற்கும் மேலான உச்சத் தரத்துக்கு உயர்த்த ஆகும் கூடுதல் செலவு சுமார் 18,000 முதல் 27,000 டாலர் என்றும், இடைப்பட்ட தரத்துக்குச் சில ஆயிரம் டாலரே போதும் என்றும் ஹெட்வாட்டர்ஸ் கணக்கிட்டிருக்கிறது. வீட்டின் மொத்த விலையில் இது சிறு பங்கு. கூரையை எளிய இருசரிவாக வைப்பது, உள்வளைவுகளையும் மூலைமடிப்புகளையும் தவிர்ப்பது, இறவாரத்தின் அடியை மூடிவிடுவது போன்றவற்றில் பல, திட்டமிடும்போதே செய்தால் செலவைக் குறைக்கவும் செய்யும். நன்றாக நிற்கும் வீட்டைத் தீயை மட்டும் காரணமாக வைத்து இடிப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

தண்ணீரையும் களிம்பையும் நம்புவது

ஐந்தாவது வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். கூரைத் தெளிப்பானுக்குத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். இரண்டுமே தீ நாளில் முதலில் நின்றுபோகக்கூடியவை. பாலிசேட்ஸில் மேட்டுப்பகுதித் தொட்டிகள் ஒரே இரவில் வற்றித் தீயணைப்புக் குழாய்களில் நீர் வராமல் போனதை எல்லோரும் பார்த்தார்கள். சொந்த நீச்சல்குளமும் டீசல் பம்பும் உள்ளவருக்கு இது துணையாகலாம். அப்போதும் புயற்காற்று நீரைக் கூரையில் விழவிடாமல் அடித்துச்செல்லும். தீத்தடுப்புக் களிம்பு சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். அதைப் பூசுவதற்காக வெளியேறாமல் தங்குவது உயிருக்கு ஆபத்து. 2021 செப்டம்பரில் ஜெனரல் ஷெர்மன் என்னும் பெருமரத்தின் அடியைச் சுற்றிய அலுமினியப் போர்வை, தனித்து நிற்கும் சிறு மரக்குடிலுக்குப் பொருந்தும். நெடுநேரம் எரியும் பக்கத்து வீட்டின் முன் அது நிற்காது. உரிமையாளர் வீட்டில் இல்லாத நேரத்திலும் தானே காத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் முதல் இடம்.

அளந்து தீர்மானிக்கும் ஆஸ்திரேலிய முறை

இவற்றுள் எது தன் வீட்டுக்கு என்று முடிவெடுக்க உதவும் அளவுகோல் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட கருஞ்சனித் தீக்குப் பின், ஏஎஸ் 3959 என்னும் கட்டட நெறி திருத்தி வெளியிடப்பட்டது. கலிஃபோர்னியா வரைபடத்தில் ஒரு பகுதியை ஆபத்தானது என்று குறித்து, அங்கே கட்டும் எல்லா வீடுகளுக்கும் ஏறத்தாழ ஒரே விதியைச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவோ ஒவ்வொரு மனையையும் தனியாக அளக்கிறது: எந்த வகைத் தாவரம், எவ்வளவு தொலைவு, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது. சரிவில் கீழே காடு இருந்தால் தீ மேல்நோக்கி விரைந்து வரும் என்பதால் தரம் கூடும். கிடைக்கும் தரங்கள் 12.5, 19, 29, 40 எனச் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் வெக்கை விழக்கூடும் என்பதையே பெயராகக் கொண்டவை. அதற்கும் மேலே சுவாலை வளையம் என்னும் கடைசித் தரம். மரம் சிறு தீப்பொறி துணையோடு பற்றத் தொடங்குவது ஏறத்தாழ 12.5 கிலோவாட்டில் என்பதை நினைத்தால், அந்த எண்கள் எவ்வளவு பேசுகின்றன என்பது விளங்கும். 12.5 தரத்தில் கங்குக்கான ஏற்பாடுகள் முதன்மை; 29-ஐத் தாண்டினால் சுவரும் ஜன்னலும் தவிர்க்க முடியாதவை ஆகின்றன.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. அது முதன்மையாகக் காட்டிலிருந்து வரும் வெக்கையைக் கணக்கிடுகிறது. பக்கத்து வீடு எரிந்தால் வரும் வெக்கையைத் தரத்துக்குள் கொண்டுவருவதில்லை. கலிஃபோர்னிய உரிமையாளர் இதன் சிந்தனையை எடுத்துக்கொண்டு, நான்கு திசைகளிலும் காட்டுக்கு எவ்வளவு தொலைவு, அடுத்த கட்டடத்துக்கு எவ்வளவு தொலைவு என்று இரண்டு எண்களை எழுதிப் பார்க்கலாம். தோட்டக்கருவி வைக்கும் தன் சொந்த மரக்கொட்டகையையும் அடுத்த கட்டடமாகவே எண்ண வேண்டும். அதை 30 அடிக்கு அப்பால் நகர்த்துவது புதுச் சுவரைவிட மலிவு.

காப்பீட்டின் பேச்சையும் இதில் சேர்த்தாக வேண்டும், ஏனெனில் பலர் இச்செலவைத் தொடங்குவதே அதற்காகத்தான். 2022-இல் வந்த கலிஃபோர்னிய ஒழுங்குவிதிப்படி, கூரை, துளை, 5 அடி வளையம் முதலிய குறிப்பிட்ட பணிகளைச் செய்தவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும். ஆனால் காப்பீடே தந்தாக வேண்டும் என்று அவ்விதி சொல்லவில்லை. 2023 மே மாதத்தில் அம்மாநிலத்தின் மிகப்பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. எங்கும் காப்பீடு கிடைக்காதவர்கள் ஃபேர் பிளான் என்னும் கடைசிப் புகலிடத்துக்குப் போகிறார்கள். அதன் பிரீமியம் அதிகம், காப்பு குறைவு. தள்ளுபடியை மட்டும் நம்பி 1,00,000 டாலர் செலவைத் திட்டமிடுவது தவறாகப் போகும். 10,000 டாலர் பணிகளுக்கு அது ஓர் உதவி.

ஆகவே மரச்சீவல் கூரை இல்லாத, அடுத்த வீட்டுக்கு 100 அடிக்கு மேல் இடைவெளியுள்ள மலையடிவார வீட்டில் என் வரிசை இது: இந்தக் கோடைக்குள் 5 அடி வளையம், வேலியின் கடைசித் துண்டு, பீலி, துளைவலை, அடுத்த இரண்டு ஆண்டுகளில் சான்று பெற்ற துளைமூடிகளும், வீட்டை ஒட்டிய மரப்பலகைத் தளத்தின் அடியை வெறுமையாக்கி உலோக வலையால் சூழ்வதும், கூரையின் ஆயுள் முடியும்போது கூரை, ஜன்னல்களும் சுவரும் அவை பழுதாகி எப்படியும் மாற்ற வேண்டிவரும் நாளில்.

2025 ஜனவரி 7 அன்று மூண்டு 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்த ஈட்டன் தீயில் சிக்கிய ஆல்டடீனா போன்ற நெருக்கமான ஊரில், அடுத்த வீட்டுச் சுவர் 10, 15 அடியிலேயே நிற்கும் மனையில், இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே துளைக்கும் 5 அடிக்கும் அடுத்தபடியாக, அந்த வீட்டை நோக்கிய பக்கத்துச் சுவரும் ஜன்னலும் கூரைக்கு முன்பே வந்துவிடும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கனமான சிமெண்ட் பூச்சும் இரு கண்ணாடிகளுமே டஃபன்டு ஆன ஜன்னலும் போடுவது, நான்கு பக்கமும் அரைகுறையாகச் செய்வதைவிட மேல். அதற்கும் முன்னதாக ஒரு செலவு இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியது தன் மனையில் அல்ல. நடுவேலியைப் பகிர்ந்துகொள்ளும் அண்டைவீட்டாரின் காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் வலை அடிக்கச் சில நூறு டாலர் ஆகும். அவர் மறுத்தால், பாதிப் பணத்தைத் தானே தருவதாகச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.